பிளக்கை மாற்றினால் வோல்ற் மாறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து விடியற்காலையில் யாழ்ப்பாணம் வந்து சேரும் காலம். சூட்கேஸைத் திறந்து சொக்லேட்டும் சென்ற் போத்தலும் பங்கிட்டு முடிந்ததும், உடுப்புகளுக்கு அடியில் இருந்து ஒன்றிரண்டு மின்சாமான் வெளியே வரும். அடுத்த கிழமை அவற்றில் சில என் மேசைக்கு வரும். திருவிழா முடிந்தபிறகு எழுதிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் சுன்னாகத்தில் ஒரு சின்னத் திருத்தகம் நடத்துகிறேன். அப்பா றேடியோ திருத்தியவர். கடையும் தொழிலும் அவரிடமிருந்து வந்தவை. இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் "திருத்திற ஆள் இல்லையோ பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். நான்தான் என்றால், உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாமானைத் தருவார்கள். அது கிடக்கட்டும்.

விசயம் இதுதான். எங்கள் சுவரில் வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ற்தான். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி எல்லாம் எங்களைப் போல 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கிருந்து வரும் சாமானுக்கு முள் பொருந்தாமல் போகலாம், அவ்வளவுதான். சவூதியில் 60 ஹேர்ட்ஸ். பழைய கட்டடங்களில் 127 வோல்ற்றும் இருந்தது. ஆனால் என் மேசையில் கருகிக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை கனடாவின் ஸ்காபரோவிலும் மிசிசாகாவிலும் இருந்து வந்த தட்டை முள் சாமான்கள்.

எந்த ஹார்ட்வெயார் கடையிலும் வெள்ளை நிறத்தில் ஒரு அடப்டர் தொங்கும். தட்டை முள்ளை அதில் செருகி, அதைச் சுவரில் செருகலாம். முள் இறங்கிவிட்டதால் கறண்டும் ஒத்துப்போகும் என்று நினைத்து சுவிச்சைப் போட்டுவிடுகிறார்கள். அந்த அடப்டருக்குள் வளைத்த பித்தளைத் தகடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. 230 உள்ளே போனால் 230தான் வெளியே வரும். நம்பாதவர்கள் கடைக்கு வந்தால் ஒன்றை உடைத்தே காட்டுவேன். லாச்சிக்குள் நிறையக் கிடக்கிறது.

அப்புறம் என்ன நடக்கும் என்பது சாமானைப் பொறுத்தது. முடி காயவைக்கும் ஹெயார் ட்ரையரை எடுத்துக்கொள்வோம். கனடாவில் அது 1500 வாற். 120 வோல்ற்றில் பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். அதே கம்பிச் சுருளுக்கு 230 வோல்ற் கொடுத்தால் 24 அம்பியர் இழுக்கும். சூடு 5500 வாற் ஆகிவிடும். வோல்ற் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது பலருக்குத் தெரியாது. 24 அம்பியருக்கு 13 அம்பியர் பியூஸ் உடனே போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். அது சில நிமிடம் தாங்கும். அதற்குள் ட்ரையரின் வாயில் செந்தணல் தெரியும், பிளாஸ்ரிக் உருகும், பிடித்திருக்கும் பிள்ளையின் தலைமயிர் அதற்குப் பக்கத்தில் இருக்கும். இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், கோப்பி மெசின், ரோஸ்ரர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பல துளைகள் உள்ள நீளமான பிளக் பலகை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மகன் ரொறொன்ரோவிலிருந்து நல்ல பாரமான ஒன்றை அனுப்பியிருந்தான். இடி மின்னல் நேரம் கணினியைக் காப்பாற்றும் வகை. ஐயா கவனமான மனிதர். கணினியைச் செருகுவதற்கு முன் வெறும் பலகையைச் செருகிப் பார்த்தார். ஒரு வெடிச் சத்தம், பிறகு புகை. "இதிலை நான் ஒண்டும் கொழுவேல்லையே பிள்ளை, பிறகேன் எரிஞ்சது?" என்று கையில் கொண்டுவந்தார். திறந்து காட்டினேன். உள்ளே இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் நீல நிற வட்டத் தகடு ஒன்று இரண்டாகப் பிளந்து, சுற்றிவரக் கரி அப்பியிருந்தது. வரிஸ்ரர் என்று சொல்வோம். வோல்ற் திடீரென்று ஏறினால் அந்த மேலதிகத்தைத் தானே விழுங்குவதுதான் அதன் வேலை. 120 வோல்ற் ஊருக்கு அளவெடுத்துச் செய்த அதற்கு, எங்கள் சாதாரண 230 என்பது விடாமல் விழும் இடி. விழுங்கி விழுங்கி வெடித்துவிடும். பலகையில் எதையும் கொழுவாவிட்டாலும் இது நடக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் திரைச்சேலைக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வட அமெரிக்கப் பிளக் பலகையை ஒருவரும் கொண்டுவர வேண்டாம். இங்கே வாங்குங்கள்.

பழைய மேசைக் கணினிகள் இன்னொரு வகை. பின்பக்கத்தில், வயர் செருகும் இடத்துக்கு அருகில் சின்னச் சிவப்புச் சுவிச் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. அங்கே 115இல் இருந்ததை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டால் படார்தான். உள்ளே கறண்டைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிற்றர்கள் ஒவ்வொன்றும் 200 வோல்ற் தாங்கக்கூடியவை. எங்கள் 230 ஏசியை, அதாவது திசை மாறி மாறி வரும் கறண்டை, ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்கும்போதே 325 வோல்ற் உச்சத்துக்குப் போகும். சுவிச் 115இல் இருந்தால் அதை இரட்டிப்பாக்கும் சுற்றும் சேர்ந்துகொள்ளும். கெப்பாசிற்றரின் தலையில் உள்ள வெட்டுக்கோடு பிளந்து, மீன் நாற்றம் போல ஒரு நாற்றம் கடை முழுக்கப் பரவும். அந்த நாற்றத்தை வைத்தே எங்கிருந்து வந்த கணினி என்று என்னால் சொல்லிவிட முடியும். செருகுவதற்கு முன் அந்தச் சுவிச்சை ஸ்குரூ ட்ரைவர் நுனியால் 230க்குத் தள்ளினால் போதும், ஒரு சேதமும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் கண்டு பயப்படவும் வேண்டாம். இன்றைய போன் சார்ஜர், லப்டொப் சார்ஜர், கமரா சார்ஜர் அநேகமாக உலகம் முழுவதற்கும் பொதுவானவை. சார்ஜரின் உடம்பில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். அதில் 'இன்புட்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் வெறும் முள் அடப்டரே போதும். 120 என்று தனி எண் மட்டும் இருந்தால், அல்லது 110–127 என்று இருந்தால், சுவரில் செருகக்கூடாது. 'அவுட்புட்' வரியைப் பார்த்துவிட்டு "அஞ்சு வோல்ற் எண்டுதானே போட்டிருக்கு அக்கா" என்று வாதாடிய தம்பிமாரும் இருக்கிறார்கள். அது போனுக்குப் போகும் கறண்ட். சுவரோடு அதற்குச் சம்பந்தமில்லை. எழுத்து தெரியாவிட்டால் போனால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அம்மம்மாவுக்கும் தெரியும்.

சார்ஜர் பற்றிச் சொல்லும்போது அவுட்புட் வரியையும் விட்டுவிட முடியாது. புதிய சி வகை வாய் உள்ள சார்ஜர்கள் போனோடு பேசி 5, 9, 15, 20 என்று பொருத்தமான வோல்ற்றைத்தான் கொடுக்கும். உருண்டை முனை உள்ள பழைய வகைக்கு அந்த அறிவு இல்லை. ரவுட்டருக்கு 12 வோல்ற், கோயில் கச்சேரிக்குக் கொண்டுபோகும் கீபோர்ட்டுக்கு 9, லப்டொப்புக்கு 19. முனை மட்டும் எல்லாவற்றுக்கும் நுழைந்துவிடும். சில பழைய கீபோர்ட்டுகளுக்கு நடுமுள் மைனஸ், மற்றவற்றுக்குப் பிளஸ். முனைக்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஒரு சின்னப் படம் அச்சடித்திருப்பது அதற்காகத்தான். இரண்டு சார்ஜரிலும் வோல்ற்றும் அந்தப் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக்கூடாது.

இதை எழுதும்போது ஒரு யோசனை வருகிறது. 1990இல் குடாநாட்டுக்குக் கறண்ட் போனபிறகு, சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, றேடியோவை அதில் கொழுவுவோம். டைனமோவில் வருவது ஏசி. அப்பா நாலு டயோட்டும் ஒரு கெப்பாசிற்றரும் வைத்து அதை டிசி ஆக்கிச் சிறு சோப்புப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுப்பார். நாலு பற்றறி போடும் றேடியோவுக்கு 6 வோல்ற், டைனமோவும் 6 வோல்ற், ஆனால் வேகமாகச் சுற்றினால் ஏறிவிடும், ஆகவே ஒரே சீராகச் சுற்ற வேண்டும் என்பது அப்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளில் பலர்தான் இன்று ரொறொன்ரோவிலிருந்து சாமான் கட்டுகிறார்கள்.

மோட்டர் உள்ளவற்றுக்கு வோல்ற்றை மட்டும் பார்த்தால் போதாது, ஹேர்ட்ஸையும் பார்க்க வேண்டும். இதில் எனக்குக் கூடுதலான கவலை வீட்டில் பாவிக்கும் மருத்துவச் சாமான்களைப் பற்றித்தான். முட்டுக்காரருக்கு, அதாவது ஆஸ்துமா உள்ளவருக்கு, மருந்துப் புகை பிடிக்கும் மெசின், ஒட்சிசன் செறிவாக்கி போன்றவற்றைப் பிள்ளைகள் அன்போடு அனுப்புகிறார்கள். இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பம்ப். நேரே செருகினால் எரியும். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற் இறங்கும், ஆனால் ஹேர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். பம்ப் மெதுவாக அடிக்கும், சூடாகும், வரவேண்டிய அளவு காற்று வராது. மெசின் சத்தம் போடுகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். முட்டு வந்த இரவில் அந்த நம்பிக்கையால் ஒன்றும் ஆகாது. லேபிளில் 50 ஹேர்ட்ஸ் என்று இல்லாத மருத்துவ மெசினை வைத்தியரிடமோ விற்கும் நிறுவனத்திடமோ கேட்காமல் இங்கே பாவிக்க வேண்டாம். என்னிடமும் கொண்டுவர வேண்டாம். பிளக் மாற்றித் தரச் சொன்னால் மாட்டேன்.

அதே காரணத்தால் சிவப்பு எழுத்தில் நேரம் காட்டும் பழைய றேடியோ மணிக்கூடுகள் பலவும், ட்ரான்ஸ்போமரோடு போட்டாலும், இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். அவை சுவரில் வரும் அலையை எண்ணித்தான் நேரம் பார்க்கின்றன. 60 அலையை ஒரு செக்கன் என்று எண்ணப் பழகியதற்கு நாங்கள் 50தான் கொடுக்கிறோம். இதில் ஆபத்தில்லை, எரிச்சல் மட்டும்தான். மைக்ரோவேவ் அப்படியல்ல, அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ட்ரான்ஸ்போமர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் இருப்பதால் உண்மையான 230க்கு 110 ட்ரான்ஸ்போமர் பாரமாக இருக்கும். சாமானில் போட்டிருக்கும் வாற்றைவிட அதன் வாற் தாராளமாகக் கூடியிருக்க வேண்டும். விமான நிலையங்களில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, 1600 வாற் தாங்கும் என்று எழுதி விற்பார்கள். அது வோல்ற்றைக் குறைப்பதில்லை, அலையை வெட்டி வெட்டி விடுகிறது. ட்ரையர் போன்ற சூடாக்கும் சாமானைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதற்கு மட்டும்தான் அது. அதில் ரீவியையோ ரவுட்டரையோ கொழுவினால் செலவு என்னிடம் வரும்.

இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000 வாற் கேத்தல் 120 வோல்ற்றில் 550 வாற் அளவில்தான் சூடாகும். தேத்தண்ணிக்குக் காத்திருந்து அலுத்துப்போவீர்கள், ஆனால் வீடு எரியாது. தேங்காய் துருவும் மெசினும் கிரைண்டரும் அப்படியில்லை. பாதி வோல்ற்றில் மோட்டர் சுற்ற மாட்டாமல் முனகிக்கொண்டு நிற்கும், நின்றபடியே கருகும்.

முள் விசயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கங்கள் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சதுர முள் சொக்கெட்டில் மேல் துளைதான் எர்த். நீளமான எர்த் முள் உள்ளே போனால்தான் கீழ் இரண்டு துளைகளின் மூடி திறக்கும். பிள்ளைகள் எதையாவது குத்திவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. நாங்கள் அந்த மேல் துளைக்குள் பேனை மூடியோ ஈர்க்கோ குத்தி, மூடியைத் திறந்து, பாரிஸிலிருந்து வந்த இரண்டு உருண்டை முள்ளைக் கீழே தள்ளிவிடுகிறோம். முள் தளர்வாக நிற்கும், பொறி பறக்கும், சொக்கெட் உருகும், எர்த்தும் இல்லை, பியூஸும் இல்லை. மற்றது, கனடாப் பிளக்கின் மூன்றாவது முள் இடைஞ்சலாக இருக்கிறதென்று குறட்டால் முறித்துவிடுவது. அது எர்த் முள். அதை முறித்தபிறகு சாமானின் இரும்பு உடம்பில் கறண்ட் ஏறினால் தொட்டவரின் உடம்பு வழியாகத்தான் நிலத்துக்குப் போகும்.

பிளக்கை வெட்டி மாற்றும் வயரிங் தம்பிமாருக்கும் ஒரு சொல். கறண்ட் வரும் வயர் லைன், திரும்பிப் போகும் வயர் நியூற்றல். எங்கள் பழைய வீடுகளில் சிவப்பு லைன், கறுப்பு நியூற்றல். லண்டன், ஐரோப்பா வயரில் கபிலம் லைன், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த். கனடா வயரில் கறுப்புத்தான் லைன், வெள்ளை நியூற்றல், பச்சை எர்த். பழைய வழக்கத்தில் கறுப்பை நியூற்றல் என்று கட்டிவிட்டால் சாமான் வேலை செய்யும், ஆகவே ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் சுவிச்சை நிறுத்தினாலும் உள்ளே கறண்ட் நிற்கும். மேசை விளக்காக இருந்தால் பல்ப் திருகும் கூடே லைனாகிவிடும். பல்ப் மாற்றப் போகிறவரின் விரல் அங்கேதான் படும்.

அடப்டர் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 'இது வோல்ற்றை மாற்றாது' என்று தமிழில் ஒரு சீட்டு அடித்துப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒரு தாளில் எத்தனையோ சீட்டு வெட்டலாம், வியாபாரமும் குறையாது. தங்கள் பத்திரிகையும் இணையப் பதிப்பில் இதைச் சேர்த்தால், சூட்கேஸ் கட்டுவதற்கு முன் அங்கேயே வாசிப்பார்கள். வெளிநாட்டு உறவுகளிடம் நான் கேட்பது, சாமானைப் பெட்டிக்குள் வைக்கமுன் அதன் லேபிளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் இங்கே அனுப்புங்கள் என்பதுதான். லேபிள் வாசித்துச் சொல்ல எந்தத் திருத்தகக்காரரும் காசு கேட்கமாட்டார்.

ஏற்கெனவே செருகிப் புகை வந்துவிட்டதென்றால், அப்படியே கழற்றிக் கொண்டுவாருங்கள். பல சாமான்களில் முதல் வெடியில் போவது பியூஸும் அந்த வட்டத் தகடும் மட்டும்தான். மற்றதைக் காப்பாற்றிவிட்டுத்தான் அவை போகின்றன. இரண்டையும் மாற்றப் பெரிய செலவில்லை. வீட்டில் யாராவது கெட்டிக்காரர் பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி ஒன்றைச் சுற்றி இரண்டாம் தரம் செருகிப் பார்த்த பிறகு கொண்டுவந்தால், உள்ளே மிஞ்சியிருப்பது அநேகமாகத் திருகாணிகள்தான். செருகினீர்களா என்று நான் கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல வேண்டாம். திறந்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
திருத்தகம் நடத்தும் வாசகி,
சுன்னாகம்.